காலடியில் பேட்டரி, தலைக்கு மேல் கண்ணாடி

“ஒரே காருக்கு எதுக்குத் தம்பி இத்தனை பேரு?” என்று கேட்டுக்கொண்டே அத்தான் அந்தத் தாளை என் முன்னால் வைத்தார். மூன்று ஷோரூம் ஏறி இறங்கி வாங்கி வந்த விலைப்பட்டியல்களில் ஒன்று. முன்பக்கமும் பின்பக்கமும் கட்டம் கட்டமாக எண்கள். ஒரு பெயர், அதற்கு ஒரு பிளஸ், பிளஸுக்குப் பின்னால் ஓர் ‘எஸ்’. சின்ன பேட்டரிக்கு ஒரு வரிசை, பெரியதற்கு ஒரு வரிசை. கூரை வேறு நிறத்தில் வேண்டுமென்றால் அதற்குத் தனி வரிசை. அடி வரிக்கும் உச்சி வரிக்கும் நடுவே ஐந்து லட்ச ரூபாய்.

அத்தான் வங்கியில் முப்பத்தைந்து வருடம் கடன் கொடுத்து ஓய்வு பெற்றவர். எண்களைக் கண்டு மிரள்கிறவர் அல்ல. அவரை மிரட்டியது வேறு. ஷோரூமில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது டாப் எண்ட். அக்கா உட்கார்ந்து பார்த்ததும் அதுதான். ‘மேலே திறக்கும்’ என்று பேத்தியிடம் போனில் சொல்லியும் விட்டாள். “டாப் எண்ட் எடுத்தீங்கன்னா ரீசேல் நிக்கும் சார்” என்றிருக்கிறார் விற்பனை இளைஞர். நடுவில் இருக்கும் ரகத்தைக் காட்டச் சொன்னால், அது ஸ்டாக்யார்டில் இருக்கிறதாம்.

பெட்ரோல் காரில் இந்தக் குழப்பம் இவ்வளவு ஆழமாக இருந்ததில்லை. பேஸ் மாடலோ டாப் எண்டோ, பெரும்பாலும் அதே எஞ்சின், அதே டேங்க். மாறுவது சீட் துணி, பாட்டுக் கருவி, அலாய் சக்கரம். மின் காரில் படி ஏற ஏறக் காரே மாறுகிறது. டேங்க் பெரிதாகிறது, அதை நிரப்பும் குழாய் பருமனாகிறது, சில கார்களில் மோட்டாரின் வலுவும் கூடுகிறது. இவற்றோடு சன்ரூஃபும் கலர் கலராய் எரியும் உள்விளக்கும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு வருகின்றன. மூட்டையைப் பிரித்து வாங்க முடியாது. ஆனால் எந்த மூட்டையில் எது இருக்கிறது என்று பார்த்து எடுக்கலாம்.

அத்தான் கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்தேன். “ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல பின்னால போட்டுக்க முடியறதை எல்லாம் அடிங்க அத்தான்” என்றேன். சீட் கவர், ரிவர்ஸ் கேமரா, ஸ்பீக்கர், அலாய், தரை மேட் என்று பட்டியலில் பாதி சிவந்துபோனது. மிஞ்சியவை நான்கைந்துதான்: பேட்டரி, காருக்குள்ளே இருக்கும் சார்ஜர், வேக சார்ஜிங் வசதி, ஏர்பேக், காற்று வரும் சீட். அப்புறம் சன்ரூஃப். (பின்னால் போடும் வேலையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மின் காரில் ஆரஞ்சு நிற ஒயர்கள் உயர் அழுத்தம் ஓடுபவை. ‘அதெல்லாம் பாத்துக்கலாம் சார்’ என்று அந்தப் பக்கம் கை நீட்டும் கடையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். வாரன்டி போவது அதில் சின்ன நஷ்டம்.)

லால்குடிக்கு எத்தனை யூனிட்?

பேட்டரியின் அளவைக் கிலோவாட்-அவரில் சொல்கிறார்கள். புதிய வார்த்தை என்று பயப்பட வேண்டாம், ஈ.பி. அட்டையில் நாம் காலங்காலமாகப் பார்த்துவரும் ‘யூனிட்’தான் அது. 45 கிலோவாட்-அவர் பேட்டரி என்றால் 45 யூனிட் பிடிக்கும் தொட்டி.

அந்தத் தொட்டி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதில்தான் விளம்பரமும் சாலையும் பிரிகின்றன. பெரிய எழுத்தில் போடும் ரேஞ்ச், இந்திய ஓட்டச் சுழற்சி என்ற ஆய்வகச் சோதனையில் வந்தது. அதில் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது. அந்த 90-கூடக் கொஞ்ச நேரம்தான். 2024 செப்டம்பரில் டாடா நெக்ஸான் ஈ.வி.க்கு 45 யூனிட் பேட்டரி வந்தபோது சான்றிதழ் எண் 489 கிலோமீட்டர். நிஜ ஓட்டத்தில் பெரும்பாலானோருக்குக் கிடைக்கும் என்று அதே நிறுவனம் தனியாகச் சொன்ன எண் 350-ஐ ஒட்டியது. நம் நான்குவழிச் சாலையில் 100-ஐத் தொட்டு ஓட்டினால் அதுவும் குறையும். நான் பிடித்து வைத்திருக்கும் தோராயக் கணக்கு இது: இந்த அளவு கார் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 15, 16 யூனிட் குடிக்கும்.

இனி அத்தானின் வாழ்க்கையை அதில் பொருத்திப் பார்த்தோம். முகலிவாக்கத்தில் ஃபிளாட். தினமும் காய்கறி, கோயில், அக்காவின் பிசியோதெரபி என்று 25 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஆனால் மாதம் ஒருமுறை லால்குடி. பெரியம்மா இன்னும் அங்கே தனியாக இருக்கிறார். சுமார் 320 கிலோமீட்டர். 30 யூனிட் பேட்டரி என்றால் நிரப்பிக்கொண்டு கிளம்பினாலும் வழியில் இரண்டு நிறுத்தம் வேண்டும். 45 என்றால் ஒன்று. 79 யூனிட் பேட்டரி உள்ள பெரிய வண்டியில் நிற்காமலே போகலாம். ஆனால் அறுபத்து மூன்று வயதில் நிற்காமல் 320 கிலோமீட்டர் யார் ஓட்டப்போகிறார்கள்? எப்படியும் காபிக்கு நிற்பார்கள், அக்கா காலை நீட்ட வேண்டும் என்பாள். அந்த ஒரு நிறுத்தத்துக்குள் அடங்குகிற பேட்டரி போதும் என்று முடிவானது. பேட்டரி அளவை ரேஞ்சில் பார்க்காமல், அடிக்கடி போகும் நீண்ட பயணத்தில் எத்தனை நிறுத்தம் என்று பார்த்தால் தலைவலி பாதி போய்விடும்.

ஊரை விட்டு வெளியே போகாதவர்கள் பெரிய பேட்டரிக்குக் காசு கொட்டுவது, சோழிங்கநல்லூர் வேலைக்குப் போய்வர ஸ்லீப்பர் பஸ் வாங்குவது மாதிரி. தினம் சுமக்க வேண்டிய எடைதான் மிச்சம்.

ரசாயனமும் கேட்க வேண்டிய விஷயம். எல்.எஃப்.பி. என்கிற இரும்பு-பாஸ்பேட் வகை வெயிலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். அடிக்கடி நூறு சதவீதம் நிரப்பினாலும் பெரிதாக முகம் சுளிக்காது. நிக்கல் கலந்த என்.எம்.சி. வகை அதே எடையில் அதிக யூனிட் பிடிக்கும். ஆனால் தினசரி 80 சதவீதத்தோடு நிறுத்துவது அதற்கு நல்லது. ஆக, ‘45’ என்று எழுதியிருக்கும் இரண்டு பேட்டரிகள் அன்றாடத்தில் ஒன்றல்ல. இந்த விவரம் விலைப்பட்டியலில் இருக்காது, கேட்டு வாங்க வேண்டும். நம் ஊர் சித்திரைக்கு என் ஓட்டு இரும்புக்குத்தான்.

இரண்டு சார்ஜர், ஒரே பெயர்

அத்தான் மட்டுமல்ல, கார் வாங்கி ஆறு மாதம் ஓட்டியவர்களும் குழம்புகிற இடம் இது. ‘7.2 சார்ஜர்’ என்று பட்டியலில் ஒரு வரி இருக்கும். அது எதைச் சொல்கிறது? சுவரில் மாட்டும் பெட்டியையா, காருக்குள் இருப்பதையா?

வீட்டு மின்சாரம் ஏ.சி.; பேட்டரி சேமிப்பது டி.சி. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. உண்மையான சார்ஜர் அதுதான். சுவரில் மாட்டுவது பாதுகாப்பான ஒரு பிளக் பாயின்ட், அவ்வளவே. காருக்குள் இருக்கும் கருவி 3.3 கிலோவாட் என்றால், சுவரில் 11 கிலோவாட் பெட்டியை மாட்டினாலும் 3.3 வேகத்தில்தான் ஏறும். பெட்டியைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். உள்ளே இருப்பதை மாற்ற முடியாது.

கம்பெனிக்குக் கம்பெனி இதை வேறு வேறு இடத்தில் வைக்கிறார்கள். 2024 ஜனவரியில் டாடா பஞ்ச் ஈ.வி. வந்தபோது, பெரிய பேட்டரி ரகங்களில் 3.3-க்குப் பதில் 7.2 வேண்டுமென்றால் 50,000 ரூபாய் கூடுதல். அதே பட்டியலில் சன்ரூஃபும் 50,000. ஒரே விலைக்கு இரண்டு பொருள். ஒன்று ஏழெட்டு வருடம் தினமும் உழைக்கும். எம்.ஜி. காமெட் 17.3 யூனிட் பேட்டரியோடு 2023-இல் வந்தது. அதில் டி.சி. வேக சார்ஜிங்கே இல்லை, 7.4 கிலோவாட் ஏ.சி. வசதிகூட அடுத்த வருடம்தான், அதுவும் குறிப்பிட்ட ரகங்களில், வந்து சேர்ந்தது. ஊருக்குள் ஓடும் குட்டிக் காருக்கு அது குறையில்லை. தெரியாமல் வாங்கி விழுப்புரத்தில் போய் நின்றால்தான் குறை. மஹிந்திராவின் பி.இ. 6 காரில் கதை வேறு. 2024 நவம்பரில் சென்னையில் வைத்து அதை அறிமுகப்படுத்தியபோது 18.90 லட்சம் என்றார்கள். சார்ஜர் அதில் சேராது. 7.2 பெட்டிக்கு 50,000, 11.2-க்கு 75,000 தனி. ஏற்கெனவே வீட்டில் பெட்டி இருப்பவருக்கு இது லாபம். முதல்முறை வாங்குகிறவர் ஆன்-ரோடு விலையோடு அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்த கேள்வி வீட்டுக்குள் வருகிறது. ஏ.சி. மாட்டும் 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் ஏறும். இரவு பத்து மணிக்குச் செருகினால் காலை ஆறுக்குள் 24 யூனிட். அத்தானின் தினசரி ஓட்டத்துக்கு நான்கு யூனிட் போதும்! ஆனால் திங்கள் இரவு லால்குடியிலிருந்து காலியாக வந்து, செவ்வாய் விடியற்காலை மறுபடி கிளம்ப வேண்டியிருந்தால் அது காணாது. 7.2 வேண்டும், அது 32 ஆம்பியர் இழுக்கும். பல ஃபிளாட்டுகளின் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு அதைத் தாங்காது. லோடு கூட்டி, த்ரீ ஃபேஸுக்கு விண்ணப்பித்து, கீழே கார் நிற்கும் தூண் வரை தடித்த ஒயர் இழுக்க வேண்டும். முகலிவாக்கம் மாதிரி 2015 வெள்ளத்தைப் பார்த்த இடத்தில் பெட்டியை இடுப்புக்கு மேல் மாட்டச் சொல்லுங்கள். அசோசியேஷனின் ஒப்புதலை முதலில் வாங்கிவிடுங்கள். புக்கிங் பணம் கட்டியபின் செயலாளரிடம் போனால் பேரம் வேறு மாதிரி நடக்கும்.

ஈ.பி. பில்லையும் எடுத்துவரச் சொன்னேன். மாதம் 1,000 கிலோமீட்டர் என்றால் இரண்டு மாதத்தில் 300 யூனிட் சேரும். ஏற்கெனவே 350 ஓடுகிற வீடு 500-ஐத் தாண்டும். தாண்டினால் 101-ஆவது யூனிட்டிலிருந்தே கணக்கு மாறும். மேல்படி யூனிட்டுகள் எட்டு ரூபாய்க்கு மேல் போகும். அப்படியும் சாலையோர வேக சார்ஜரின் விலையில் பாதியைத் தாண்டாது. அத்தான் வங்கிக்காரர், இந்த இடத்தில் மட்டும் புன்னகைத்தார்.

தலைக்கு மேல்

சன்ரூஃப் மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் இல்லை. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் தூத்துக்குடியில் ஆலை திறந்து, 2025 செப்டம்பரில் வி.எஃப். 6 காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எர்த், விண்ட், விண்ட் இன்ஃபினிட்டி என்று மூன்று ரகம். மூன்றிலும் ஒரே 59.6 யூனிட் பேட்டரி. விண்டுக்கும் இன்ஃபினிட்டிக்கும் நடுவே அறிமுக விலையில் 50,000 ரூபாய் வித்தியாசம். அந்தக் காசுக்கு வருவது கூரை முழுக்கக் கண்ணாடி. உப்பு காய்கிற வெயிலில் கட்டிய காருக்கு! இதே காரில் இன்னொன்றும் கவனித்தேன்: எர்த்தின் சான்றிதழ் ரேஞ்ச் 468, விலை கூடிய விண்டுக்கு 463. காசு கூடினால் தூரமும் கூடும் என்று எந்த விதியும் இல்லை. பெரிய அலாய் சக்கரத்தின் கதையும் இதே. பார்வைக்கு மிடுக்கு, உருள்வதற்குச் செலவு, மழைக்காலப் பள்ளத்தில் பயம்.

வெயில் உள்ளே வந்தால் ஏ.சி. உழைக்கும். அதன் கணக்கு நெரிசலில்தான் தெரியும். கோடையில் கார் ஏ.சி. மணிக்கு ஒன்றரை யூனிட் வரை இழுக்கலாம். பைபாஸில் 90 கிலோமீட்டர் போகும் ஒரு மணி நேரத்தில் ஓட்டத்துக்கே பதின்மூன்று, பதினான்கு யூனிட் போவதால் அந்த ஒன்றரை உறைக்காது. கத்திப்பாராவிலும் போரூரிலும் ஊர்ந்து ஒரு மணியில் 20 கிலோமீட்டர் போனால், ஓட்டத்துக்கு இரண்டரை, ஏ.சி.க்கு ஒன்றரை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குளிருக்கே போய்விடுகிறது. அதனால் காற்று வரும் சீட் என்பதை நான் ஆடம்பரக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதுகில் காற்றுப் பட்டால் ஏ.சி.யை 22-க்குப் பதில் 26-இல் வைக்கலாம். பிளக்கில் நிற்கும்போதே போனிலிருந்து ஏ.சி.யை ஓடவிட்டு, வீட்டு மின்சாரத்தில் காரைக் குளிர்வித்துக்கொண்டு கிளம்புவது இன்னும் நல்லது. அந்த வசதி எந்த ரகத்திலிருந்து தொடங்குகிறது என்று கேளுங்கள். ஹீட் பம்ப் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் கேட்டுக்கொண்டு நகருங்கள். அது பனி நாட்டுக்காரர்களின் கவலை.

காரிலிருந்து வீட்டுச் சாமான்களுக்கு மின்சாரம் எடுக்கும் வசதி சில மாடல்களில் மேல் ரகத்தில் மட்டும் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் மின்சாரம் இல்லாமல் கிடந்த சென்னைக்காரர்களுக்கு அதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் மோட்டார் ஓடாது, ஃபேன், ஃபிரிட்ஜ், மருந்துப் பெட்டி ஓடும்.

பாதுகாப்பில் மட்டும் பேரம் வேண்டாம். 2023-இல் மஹிந்திரா எக்ஸ்.யு.வி. 400 வந்தபோது கீழ் ரகத்தில் இரண்டு ஏர்பேக், மேல் ரகத்தில் ஆறு. இப்போது பல கார்களில் ஆறும் அடிப்படையிலேயே வந்துவிட்டன. தானாகப் பிரேக் போடும் ராடார் சமாச்சாரங்கள் உளுந்தூர்ப்பேட்டை தாண்டிய நேர் சாலையில் உதவும். வடபழனியில் ஆட்டோ குறுக்கே வரும்போதெல்லாம் அது பதறுவதைப் பார்த்தால் நமக்கே பாவமாக இருக்கும்.

படிக்கட்டின் தந்திரம்

எந்தப் பட்டியலிலும் ஒரு படியில்தான் பெரிய பேட்டரி முதலில் தலைகாட்டும். பஞ்ச் ஈ.வி. வந்தபோது ஸ்மார்ட், ஸ்மார்ட் பிளஸ் இரண்டிலும் 25 யூனிட்தான்; 35 யூனிட் அட்வென்ச்சரிலிருந்து. அந்த முதல் படிதான் பல குடும்பங்களுக்குச் சரியான படி. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு படியிலும் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் அலங்காரம்.

சில சமயம் அந்தப் படியையே உச்சியில் கொண்டுபோய் வைப்பார்கள். பி.இ. 6-இல் 79 யூனிட் பேட்டரி முதலில் பேக் த்ரீயில் மட்டும், 26.90 லட்சம். 2025 ஜூலையில் அதே பேட்டரி பேக் டூவில் 23.50 லட்சத்துக்கு வந்தது. அவசரப்படாதவருக்கு 3.40 லட்சம் மிச்சம். புது மாடல் வந்த முதல் ஆறு மாதத்தில் வாங்குவது, ரிலீஸ் அன்று முதல் காட்சி பார்ப்பது போல. சந்தோஷம் உண்டு, டிக்கெட் விலையும் உண்டு.

பேட்டரியை வாடகைக்குத் தரும் திட்டமும் ஒரு ‘ஆப்ஷன்’ ஆகிவிட்டது. எம்.ஜி. விண்ட்சர் 2024-இல் முழுவிலை 13.50 லட்சம், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை. வித்தியாசமான மூன்றரை லட்சத்தை மூன்றரை ரூபாயால் வகுத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர். குறைவாக ஓட்டுகிறவருக்கு இனிக்கும் கணக்குதான், ஆனால் மாதாமாதம் இத்தனை கிலோமீட்டருக்காவது கட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வரியும் நம்மை மேலே தள்ளுகிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரையிலான பெட்ரோல் காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். மின் கார்களுக்கு 2023-இல் வந்த கொள்கை 2025 இறுதி வரை முழு விலக்கு தந்தது. பதிவு செய்யும் நாளில் எது அமலில் இருக்கிறது என்று பாருங்கள். விலக்கு இருந்தால் மேல் ரகத்துக்கு ஏறும் ஒரு லட்சம் ஒரு லட்சமாகவே இருக்கும். பெட்ரோலில் அது 1.18 ஆகும். ‘வரியில மிச்சமாச்சே சார், அதுல டாப் எண்ட் போயிடலாமே’ என்ற வசனம் இங்கிருந்துதான் பிறக்கிறது. மிச்சமான காசு த்ரீ ஃபேஸுக்கும் சுவர்ப் பெட்டிக்கும் ஆகும் என்று பதில் சொல்லலாம்.

கடைசியாக, ரகத்தின் முழுப் பெயரும், பேட்டரி அளவும், உள்ளே இருக்கும் சார்ஜரின் கிலோவாட்டும் புரோஃபார்மா பில்லில் எழுத்தில் இருக்க வேண்டும். தயாரித்த மாதத்தையும் கேளுங்கள். யார்டு வெயிலில் பத்து மாதம் நின்ற பேட்டரிக்கும் வயது ஏறியிருக்கும்.

அத்தான் நடு ரகத்தை எடுத்தார். 45 யூனிட், உள்ளே 7.2 சார்ஜர், காற்று வரும் சீட், இரும்புக் கூரை. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், மற்ற இரண்டு ஷோரூம்காரர்களும் இன்னும் அவருக்குப் போன் செய்துகொண்டிருக்கிறார்கள். த்ரீ ஃபேஸுக்கு விண்ணப்பிப்பதைக் கார் வரட்டும் என்று தள்ளிப் போட்டுவிட்டார். கார் வந்தது. ஒரு மாதம் பழைய 15 ஆம்பியர் பிளக்கிலேயே செருகினார். போன வாரம் போனில், “இதே போதுமே தம்பி, அம்பதாயிரத்தை அநியாயமா அந்த 7.2-க்குக் குடுத்துட்டமோ?” என்றார். நான் என்ன பதில் சொல்வதென்று யோசிப்பதற்குள், பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது: “பெரியம்மாவுக்கு நாளைக்குக் காலைல டாக்டர்னு சொன்னாங்களே, வண்டியில எவ்வளவு இருக்குன்னு பாருங்க.”

முப்பத்தொரு சதவீதம் இருந்தது. மணி இரவு பதினொன்று. காலை ஐந்துக்கு எவ்வளவு ஏறியிருக்கும் என்று அத்தான் வாய்விட்டே கணக்குப் போட ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, ஈ.பி. ஆபீஸில் லோடு கூட்ட என்னென்ன பேப்பர் கேட்பார்கள் என்று என்னிடம் கேட்டார்.